வீட்டு ஜெனரேட்டரைப் பேணும் முறை



ஒரு காலத்தில் நம் தோட்டங்கள் பலவற்றுக்கு, தோட்டத்து என்ஜின் கொட்டகையிலிருந்துதான் மின்சாரம் வந்தது. மாலையில் சில மணி நேரம் விளக்கெரியும், பிறகு அணைந்துவிடும். அந்த என்ஜினைத் துடைக்கவும், எண்ணெய் ஊற்றவும், பழுது பார்க்கவும் ஓர் ஆள் இருந்தார். பின்னர்ப் பொது மின்சாரம் வந்தது. அதுவும் சில வேளைகளில் நின்றுபோவதுண்டு. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள் தீபகற்ப மலேசியா எங்கும் மின்தடை ஏற்பட்டது. 2014 டிசம்பர் வெள்ளத்தின்போது கிளந்தானில் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றித் தவித்தன. இதனால் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. அவ்வீடுகளில் என்ஜின்காரர் வேலையை நாமேதான் பார்க்க வேண்டும். அதை எவ்வாறு பார்ப்பது என்பதைப் பற்றி இன்று பேசுவோம்.

இந்த இயந்திரம் ஓடித் தேய்வதைவிட, ஓடாமல் கிடந்து கெடுவதே அதிகம். காரணம் பெட்ரோல். சில மாதங்கள் தேங்கிக் கிடக்கும் பெட்ரோல் மெல்ல ஆவியாகி, பிசின் போன்ற ஒரு பொருளாக மாறுகிறது. அது கார்புரேட்டரின் நுண்ணிய துளைகளை அடைத்துவிடுகிறது. ஆகவே மாதம் ஒரு முறை இயந்திரத்தை ஓட்ட வேண்டும். சம்பள நாளுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டால் மறக்காது. ஒரு மின்விசிறியையும் இரண்டு விளக்குகளையும் பூட்டி, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, இயந்திரம் தானாக நிற்கும் வரை விட்டுவிடுங்கள். இதனால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்காது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதுகில் சுமக்கும் புல்வெட்டி இயந்திரங்கள் பலவற்றுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றுகிறோம். வீட்டு ஜெனரேட்டரோ பெரும்பாலும் மோட்டார் சைக்கிளைப் போல நான்கு வீச்சு என்ஜின். அதற்குக் கலப்பில்லாத பெட்ரோலே வேண்டும். எண்ணெயைத் தனியே ஊற்ற வேண்டும். வீட்டில் இரண்டும் இருந்தால், கலன்களின் மேல் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கலன்களைச் சமையலறையிலோ சாமி விளக்கின் அருகிலோ வைக்கலாகாது.

ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்னும், இயந்திரத்தைச் சமதரையில் வைத்து எண்ணெயின் அளவைப் பாருங்கள். புதிய இயந்திரத்துக்கு முதல் 20 மணி நேரத்திலும், பிறகு 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் எண்ணெயை மாற்றுவது பொதுவான முறை. எந்த எண்ணெய், எவ்வளவு என்பதைக் கையேட்டில் காணலாம். காற்று வடிகட்டி பஞ்சாக இருந்தால் சவர்க்கார நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, சிறிது என்ஜின் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டுங்கள்.

சரி, இயந்திரம் கிளம்பவில்லை. அப்போது கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பதால் தோள் வலிதான் மிஞ்சும். வரிசையாகப் பாருங்கள். தொட்டியில் பெட்ரோல் உண்டா? குழாய் திறந்திருக்கிறதா? சுவிட்சு போட்டிருக்கிறதா? எண்ணெய் போதுமா? பல இயந்திரங்களில் எண்ணெய் குறைந்தால் என்ஜினைக் கிளம்பவிடாமல் தடுக்கும் கருவி உண்டு. இவை யாவும் சரியென்றால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது நனைந்திருந்தால் பெட்ரோல் மிகுந்துவிட்டது. துடைத்து மாட்டி, சோக் இல்லாமல் இழுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை. கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். கரி படிந்திருந்தால் தேய்த்துத் துடையுங்கள், அல்லது புதியது போடுங்கள்.

என்ஜின் ஓடியும் மின்சாரம் வராவிட்டால், பாரம் மிகுந்து பிரேக்கர் விழுந்திருக்கலாம். பொருள்களைக் கழற்றிவிட்டு மீண்டும் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்கேத்தல் ஒன்றே 2,000 வாட் வரை இழுக்கும். குளிர்சாதனப் பெட்டி கிளம்பும்போது, ஓடும்போது இழுப்பதைவிடப் பன்மடங்கு இழுக்கும். அதை முதலில் பூட்டி, மற்றவற்றைப் பிறகு ஒவ்வொன்றாகப் பூட்டுங்கள். அப்படியும் வராவிட்டால் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

நேயர்களே, இதுவரை சொன்னவற்றில் தவறினால் இயந்திரம் கெடும். இனிச் சொல்லும் இரண்டில் தவறினால் உயிர் போகும்.

முதலாவது, புகை. அதில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு உண்டு. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் உயிர்வாயு சேர வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி வரும். காய்ச்சலென்று எண்ணிப் படுத்தவர் எழுந்திருக்கமாட்டார். மழை பெய்கிறதே என்று இயந்திரத்தைச் சமையலறையிலோ அஞ்சடியிலோ வைப்பதே பெரும் ஆபத்து. சன்னலைத் திறந்து வைத்தாலும் போதாது. பழைய லயங்கள் சிலவற்றில் இடைச்சுவர் கூரை வரை எட்டுவதில்லை. நம் வீட்டுப் புகை அடுத்த வீட்டில் தூங்கும் குழந்தையையும் சேரும். எனவே கதவு சன்னல்களிலிருந்து 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீடுகளைப் பாராதபடி வையுங்கள். மழைக்கு, நாற்புறமும் திறந்த ஒரு தகரக் கூரையும், ஈரம் ஏறாத மேடையும் போதும். யாருக்கேனும் தலை சுற்றினால், எல்லாரையும் உடனே வெளியே கொண்டுவந்து மருத்துவ உதவி தேடுங்கள்.

இரண்டாவது, ஜெனரேட்டரின் கம்பியைச் சுவர்ப் பிளக்கில் செருகி வீடு முழுவதற்கும் மின்சாரம் விடுவது. அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்கு ஓடி, மின்மாற்றியில் 11,000 வோல்ட்டாக உயரக்கூடும். அங்கே கம்பத்தில் நின்று பழுது பார்ப்பவர் மின்சாரம் இல்லையென்று நம்பித் தொடுவார். அவருக்கும் நம்மைப் போல ஒரு குடும்பம் உண்டல்லவா? பொருள்களை நேரே இயந்திரத்தில் பூட்டுங்கள். வீட்டு இணைப்பே வேண்டுமானால், உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு மாற்றுச் சுவிட்சு பொருத்துங்கள்.

பெட்ரோல் ஊற்றுவதற்கு முன் இயந்திரத்தை நிறுத்திக் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டுமன்றி, பெரியவர்கள் அனைவரும் இதைக் கற்றுக்கொள்வது நல்லது. மின்சாரம் நிற்கும் இரவில் யார் வீட்டில் இருப்பார் என்பது நமக்குத் தெரியாதல்லவா?