ஒரே வெளியில் பல குரல்கள்



தமிழாசிரியனுக்கு வானலையில் என்ன வேலை என்று சிலர் நகைக்கலாம். திருப்பூர்ப் பின்னற்கூடமொன்றில் நின்று பாருங்கள். பொறியிரைச்சல் செவியை அடைக்கும். அதனூடே இருவர் தமிழிலும், இருவர் இந்தியிலும், இருவர் ஒடியத்திலும் பேசுவர். தமிழறிந்தான் செவிக்குத் தமிழே தனித்து விளங்கும். ஏனையவை இரைச்சலோடு இரைச்சலாய்க் கழியும். பரவல்முறை வானொலித் தொடர்பும் இத்தகையதே. செய்தியைத் தேவைக்கு மிகுந்த அகலத்தில் மெலிதாகப் பரப்பி, ஒரு குறிவரிசையோடு பின்னி விடுகின்றனர். அவ்வரிசை அறிந்த கருவியே அதனைப் பிரித்தெடுக்கும்.

அலைவெண் விட்டு அலைவெண் தாவுவது இன்னொரு வகை. நீர்மூழ்கிக் கணையைப் பகைவர் குலைக்காதிருக்க, நடிகை எடி இலமாரும் இசைவாணர் சியார்சு ஆந்தீலும் 1942-இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்றனர். தாவும் அலைவெண்கள் 88. பியானோவின் கட்டைகளும் அத்தனையே! இன்று நும் கிடங்கில் பட்டைக்குறி படிக்கும் ஊடலைக் கருவி, 79 தடங்களில் நொடிக்கு 1600 முறை தாவுகின்றது. தூத்துக்குடிக்குச் செல்லும் சரக்குந்தின் இடங்காட்டியும் பரவல்முறையினதே. செயற்கைக்கோள்கள் ஒரே அலைவெண்ணில் பேசினும் தத்தம் குறிவரிசையால் வேறுபடுகின்றன.

படைத்துறைப் பொருள் வணிகத்திற்கு வந்தது எங்ஙனம்? 1985-இல் அமெரிக்கா சில அலைப்பட்டைகளை உரிமமின்றிப் பரவல்முறைக்குத் திறந்துவிட்டது. இந்தியாவில் 2005-இல் 2.4 முதல் 2.4835 கிகா எர்ட்சு வரை, குறைந்த ஆற்றற் கருவிகளுக்கு உரிமம் வேண்டா என்று விதி வந்தது.

இதனோடு மற்றொன்றை ஒப்பிடுக. குறிவரிசை முறை அலைபேசியை 2002-ஆம் ஆண்டின் இறுதியில் ரிலையன்சு நாடெங்கும் கொணர்ந்தது. பேச்சு மலிந்தது, மறுப்பதற்கில்லை. ஆயினும் அக்கருவி அந்நிறுவனத்திற்கே கட்டுண்டது. என்னிடமும் ஒன்று இருந்தது. பின்னர் அம்முறை கைவிடப்பட்டபொழுது, பழுதில்லாக் கருவி பேழைக்குள் புகுந்தது. கலை ஒன்றே, ஒன்றில் வாயில் திறந்திருந்தது, மற்றதில் பூட்டியிருந்தது. சிறுமுதலாளியர் நோக்க வேண்டுவது இவ்வேறுபாட்டையே.

திறந்த வாயிலிலும் நெரிசல் உண்டு. 2.4 பட்டையில் ஒன்றோடொன்று முட்டாத அருகலைத் தடங்களாக 1, 6, 11 என்னும் மூன்றையே கொள்கின்றனர். சுவரொட்டிச் சுவராக இருக்கும் நும் கூடங்களில் அனைவரும் ஒரே தடத்தில் அமர்ந்தால், கட்டணம் எத்துணை கூட்டினும் விரைவு வாராது. நாளைக் காலை அண்டைக் கூடத்தாரை அழைத்து, யார் எத்தடம் என்று பேசி முடிவு செய்யுங்கள்.