விருந்தினர் வருகின்றனர், திறப்பு யாரிடம்?



நிலாவெளிக் கடலையும் பாசிக்குடாக் கரையையும் நல்லூர்த் தேரையும் காண உலகம் வருகின்றது. ஆயின் எதைக் காட்டுவது, எங்கே விடுதி அமைப்பது என்று தீர்மானிக்கும் அதிகாரம் கொழும்பிலிருக்கின்றது. இது நீதியா என்பதே நம்முன் உள்ள வினா.

1966 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டம் இலங்கை உல்லாசப் பிரயாணச் சபையைத் தோற்றுவித்தது. 2005 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் அப்பணியை அபிவிருத்தி, விளம்பரம், மாநாடு, பயிற்சி என நான்கு நிறுவனங்களுக்குப் பகிர்ந்தது. பகிர்வு நிறுவனங்களுக்கிடையே நிகழ்ந்ததேயன்றி, மாகாணங்களுக்கு அன்று. 2003 ஆம் ஆண்டின் நிதிச் சட்டமோ பதிவுபெற்ற விடுதிகளின் மொத்த வரவில் நூற்றுக்கு 1 வீதத்தை அறவிட வழிசெய்தது. பாசிக்குடாவில் ஈட்டிய பணத்தின் பங்கும் மத்திய நிதியத்தையே சென்றடைந்தது.

1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தம் இத்தொழிலை ஒருங்கிய நிரலில் வைத்து, மாகாணங்களைக் கலந்தே அதனை வளர்க்கவும் கட்டுப்படுத்தவும் வேண்டுமென வகுத்தது. முடிவுக்கு முன் கேட்பதே ஆலோசனை. முடிவுக்குப் பின் சொல்வது வெறும் அறிவித்தல். கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 இலும், வடக்கின் ஆயுள் 2018 இலும் முடிந்தன. உரிய காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. சபையே இல்லாதபோது கலந்தாலோசிப்பது யாரை?

2019 இல் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டது. 2023 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் வந்தது. வாசல் திறந்த வேளையில் நாம் உறங்கலாகாது.

நாம் கோருவன மூன்று. அறவிடும் பணத்தில் உரிய பங்கு அந்தந்த மாகாணத்துக்குத் திரும்ப வேண்டும். கரையோரக் காணி எதையும் இத்தொழிலுக்கு ஒதுக்குமுன், அங்கு வலை இழுப்போரையும் வயல் உழுவோரையும் கேட்க வேண்டும். விளம்பர நிறுவனங்களில் நமது பிரதிநிதிகள் அமர வேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. சட்டத்தரணிகள் வர்த்தமானியை வாரந்தோறும் வாசித்து, கிராமத்துக்கு விளக்கட்டும். கமக்காரர் கூட்டுறவுச் சங்கங்களாய்த் திரண்டு, விடுதிச் சமையலறைக்கு வேண்டிய அரிசியையும் மரக்கறியையும் தாமே வழங்கட்டும். கேட்பாரற்ற உரிமை ஏட்டிலேயே உறங்கும்.

விருந்தோம்பல் நமது மரபு. ஆனால் விருந்தினரை வரவேற்பதற்கு வீட்டின் திறப்பு வீட்டுக்காரரிடம் இருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பெறுவோம்.