‘ம்ம்’ ஒண்ணு, அர்த்தம் ரெண்டு

ஒரு ‘ம்ம்’ சொல்லிப் பாருங்க. இப்ப அதையே கேள்வியா இழுங்க: ‘ம்ம்?’ எழுத்து ஒண்ணுதான். குரல் ஏறுச்சா இறங்குச்சாங்கிறதுல அர்த்தமே மாறிடுது. நமக்கு இது எப்பவாவது வர்ற விஷயம். மாண்டரின் பேசுறவங்களுக்கு ஒவ்வொரு சொல்லும் இப்படித்தான். ‘மா’வை மேல் சுதியில நேரா நீட்டினா அம்மா. இறக்கி ஏத்தினா குதிரை. சட்டுனு இறக்கினா திட்டுறது. நம்ம நாட்டுல பஞ்சாபி, மிசோ மொழிகள்லயும் சுதி மாறினா சொல் மாறும்.

காக்ளியர் இம்ப்ளான்ட் வச்சவங்களுக்கு இங்கதான் சிக்கல். நல்ல காதுல ஒலியை நரம்புக்குக் கொடுக்கிற செல்கள் சுமார் 3,500. இம்ப்ளான்ட்ல இருக்கிற மின்முனைகள் 12லேர்ந்து 22 வரைதான். கருவி ஒலியைச் சில பட்டைகளாப் பிரிச்சு, எந்தப் பட்டையில எவ்வளவு சத்தம்னு துடிப்புகளா அனுப்பும். சொல் புரிய அது போதும். கோட் எழுதுறவன் கண்ணுக்கு இது அசத்தலான கம்ப்ரெஷன். ஆனா அதுல அடிவாங்குறது சுதி. சீனக் குழந்தைங்க சொல்லோட நீளம், சத்தம் கூடிக் குறையுற விதம், இதையெல்லாம் துப்பா வச்சு ஓரளவு சமாளிக்கிறாங்க.

இப்ப நம்ம பழவேற்காடு ஏரிப் பக்கம், திருப்பாலைவனத்துக்கு வருவோம். தமிழ்ல ‘வந்தானா’னு கேட்டா, கடைசி ‘ஆ’வே கேள்வின்னு சொல்லிடும். குழந்தை டக்குனு பதில் சொல்லும். எல்லாம் கேக்குதுன்னு நாம நினைச்சுக்குவோம். ஆனா அம்மா ‘வாடா’ங்கிறது கொஞ்சலா கோபமான்னு அதுக்குப் பிடிபடாமலே போகலாம். எனக்கு இது சின்ன விஷயமாத் தெரியல.

ஆறு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைக்கு ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே நடக்குது. கஷ்டம் அதுக்கப்புறம்தான். பேச்சுப் பயிற்சிக்குச் சென்னை போகணும்னா பஸ்ல பொன்னேரி, அங்கேர்ந்து மின்சார ரயில். மீன்பிடிக்கிற வீட்டுல அன்னிக்கு ஒரு நாள் வருமானம் போச்சு. இந்த அலைச்சல்ல, ‘அதான் ஆபரேஷன் ஆயிடுச்சே’னு பழைய காது மிஷினை டப்பாவுல போட்டு மூடிடாதீங்க!

ஆபரேஷன் பண்ணாத காதுல தணிஞ்ச ஒலி மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். அம்மா குரலோட சுதி சுமார் 200 ஹெர்ட்ஸ், அதாவது அந்தக் கீழ்ப்பகுதியிலதான் இருக்கு. அந்தக் காதுல மிஷின் போட்டா சுதி அது வழியா வரும், சொல் இம்ப்ளான்ட் வழியா வரும். மூளை ரெண்டையும் சேத்துக்கும். அடுத்த தடவை ஆடியாலஜிஸ்ட்கிட்ட, “இன்னொரு காதுல மிச்சம் இருக்கா? மிஷின் போடலாமா?”னு கேளுங்க. போடலாம்னா ரெண்டையும் சேத்து ட்யூன் பண்ணச் சொல்லுங்க. சத்தம் ஒத்துப் போகலைன்னா குழந்தையே ஒண்ணைக் கழட்டி வீசிடும்.