மரமும் ரெசினும் சேர்ந்த பரிமாறும் பலகை

இதில் பாதி வேலை மரத்தில்தான். தேக்கோ மாமரமோ, நன்றாக உலர்ந்திருக்க வேண்டும்; ஈரமிருந்தால் குமிழி வரும். முதலில் மெல்லிசாக ஒரு பூச்சு கொடுத்து மரத்தின் துளைகளை அடைத்துவிட்டு, அப்புறம் ஊற்றுங்கள்.

ஹார்டனரை டப்பாவில் போட்ட அளவுக்கே கலக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று கூட்டினால் பிசுபிசுப்பு போகவே போகாது. ஏசி போட்டு மூடிய அறை வேண்டாம். காற்றோட்டமான பால்கனியில், கையுறையோடு செய்யுங்கள். மிச்சத்தைத் தயவுசெய்து சிங்க்கில் ஊற்றாதீர்கள், கீழ்வீட்டுக்காரருக்கும் அதே குழாய்தான்! பழைய தட்டில் பரப்பி, இறுகிய பின் குப்பையில் போடலாம்.

மறுநாளே காய்ந்ததுபோல் தெரியும். 7 நாளாவது விடுங்கள். ரெசின் உணவுக்கு ஏற்றது என்று டப்பாவில் போட்டிருந்தால் மட்டும், பிறகு முறுக்கு, பழம் வைக்கலாம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தை மட்டும் வைக்காதீர்கள். ரெசின் இளகித் தடம் விழுந்துவிடும்.