ஒளிந்துகொண்ட அரசர்

இஸ்ரயேலின் முதல் அரசராகச் சவுலுக்குச் சீட்டு விழுந்தபோது, அவர் மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே ஒளிந்திருந்தார். பதவிக்குக் கூசிய அதே மனிதர், பின்னாளில் அரியணையை விட மனமில்லாமல் இளம் வீரர் தாவீதின்மேல் பொறாமைகொண்டு ஈட்டி எறிந்தார். சாமுவேல் நூலில் என்னை மிகவும் கலங்கவைக்கும் இடம் இது. அந்தப் பொறாமை, பெண்கள் தாவீதைப் புகழ்ந்து பாடிய ஒரு பாட்டில் தொடங்கியது.

பதவியை விட முடிந்த ஒருவரும் உண்டு. நம் கருமத்தம்பட்டியில் 1846இல் ஆயராகத் திருநிலை பெற்றவர் பிரெஞ்சு குரு மரியோன் பிரெசியாக். சாதி வழக்கங்களைத் திருச்சபை எதுவரை பொறுப்பது என்ற கேள்வி அவர் மனச்சாட்சியை வாட்டியது. சவுலால் முடியாததை அவர் செய்தார், பதவியைத் துறந்தார். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சபையைத் தொடங்கினார். 1859இல் சியரா லியோனில் போய் இறங்கிய ஆறே வாரத்தில், மஞ்சள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோனது.