பிடியரிசியும் பிள்ளைப் பருவமும்



விருதுநகரில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியது. ஊரிலுள்ள வீடுகளில் நாள்தோறும் ஒரு பிடி அரிசி எடுத்து வைத்தனர். அந்தப் பிடியரிசி கொண்டு பள்ளி வளர்ந்தது. தாய்மார் அதை உண்டு மிஞ்சியதிலிருந்து எடுக்கவில்லை. உலையில் இடுமுன்னரே எடுத்தனர். இந்த முறையில் உங்களுக்கு ஒரு பாடம் உண்டு.

அப்பள்ளியில் பயின்ற காமராசருக்கு ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிற்று. எனினும், மாமனின் துணிக்கடையில் இருந்துகொண்டே நாளிதழ்களை ஊன்றிப் படித்துத் தம்மை வளர்த்துக்கொண்டார். 1954-இல் சென்னை மாநிலத்தின் முதலமைச்சரானார்.

எல்லாருக்கும் அவ்வாறு இயலுமா? 1980-களில், சிவகாசியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில், விடியுமுன்னே ஆலை வண்டி வந்து சிறுவர் சிறுமியரைத் தீப்பெட்டி வேலைக்கு அழைத்துச் சென்றது. மாலையில் களைத்துத் திரும்பிய பிள்ளைக்குப் படிக்கப் பொழுது ஏது? 1986-இல் சிறார் தொழில் தடைச் சட்டம் வந்தது. 2016-இல் திருத்தப்பெற்ற அச்சட்டப்படி, பதினெட்டு வயது நிரம்பாதோரை வெடிபொருள் தொழிலில் அமர்த்துவது குற்றமாகும்.

அப்பிள்ளைகள் இழந்த பொழுது இன்று உங்கள் கையில் இருக்கிறது. அதில் ஒரு பிடியை முதலிலேயே எடுத்து வையுங்கள். கால்மணி நேரம் பாடநூலல்லாத நல்ல நூலொன்றைப் படியுங்கள். பிறகு, அன்று செய்தவற்றைச் சீர்தூக்கி நான்கு வரி எழுதுங்கள். எவரும் கேளாத நாளிலும் இதனைச் செய்யுங்கள், அதுவே ஒழுக்கம். மிஞ்சும் நேரத்தில் பார்ப்போம் என்பவருக்கு நேரம் மிஞ்சுவதேயில்லை.