பெற்றோரைக் கனம்பண்ணுதல்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

கிறிஸ்தவ சமயம் போற்றும் நற்பண்பு ஒன்றனைக் குறித்துப் பேசுமாறு சங்கச் செயலாளர் எங்களைப் பணித்தார். பள்ளியிறுதித் தேர்வோடு படிப்பு நின்று, இரயில்வே அலுவலகத்தில் கோப்பு எழுதும் எளியோம். கற்றதைக் காட்டிலும் பட்டறிந்ததையே கூற இயலும்.

மோசேயின் வழியாக அருளப்பெற்ற பத்துக் கட்டளைகளுள், மனிதர் மனிதருக்கு ஆற்ற வேண்டிய கடமைகள் பெற்றோரைக் கனம்பண்ணுதலில்தான் தொடங்குகின்றன. கொலையும் களவும் விலக்கப்படுவது அதன் பின்னரே. ஔவையின் வழிவந்த நமக்கு இஃது அயலான கருத்தன்று.

'கனம்' என்னும் சொல்லை நோக்குங்கள். மதிப்பு என்பதும் அதன் பொருள்; எடை என்பதும் அதன் பொருள். எபிரேய மூலச் சொல்லின் வேரும் எடையையே குறிக்கும். ஆகவே, பெற்றோரின் சொல்லுக்கும் விருப்பத்திற்கும் நம் இல்லத்தில் எடை உண்டா என்பதே கேள்வி.

எங்கள் தந்தையார் மறைந்தபின் தாயார் நெல்லைச் சீமையில் தனித்திருந்தார். மாதந்தோறும் முதல் வாரத்தில் பணம் அனுப்பினோம். ஒரு மாதமும் தவறியதில்லை. நான்காண்டுகள் கழித்து விடுப்பில் சென்றபோது, அப்பணத்தின் பெரும்பகுதி அஞ்சலகக் கணக்கிலேயே கிடந்தது. "ஏன் அம்மா செலவு செய்யவில்லை?" என்றோம். "ஒருத்திக்கு எவ்வளவு உலை வைக்க, ஐயா?" என்றார். எங்களால் தலைநிமிர முடியவில்லை.

இயேசு பெருமான் காலத்தில், பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் 'கொர்பான்', அதாவது இறைவனுக்குக் காணிக்கை, என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிட்டோர் உண்டு. அதனை அவர் வன்மையாகக் கண்டித்ததை மாற்கு எழுதிய நற்செய்தியில் காணலாம். நாங்கள் காணிக்கையைச் சொல்லவில்லை. வேலைப்பளு, பிள்ளைகளின் தேர்வு, குவார்ட்டர்ஸில் இடமின்மை என்றோம். சாக்கின் பெயர்தான் வேறு.

நம்மைப்போல் அயலூரில் பிழைத்தவர் யோசேப்பு. எகிப்தில் உயர்பதவி வகித்த அவர், பஞ்ச காலத்தில் தந்தைக்குத் தானியம் மட்டும் அனுப்பி அமைதி அடையவில்லை. அழைத்துவர வண்டிகளையும் அனுப்பினார். மகன் உயிரோடிருக்கிறான் என்ற செய்தியை நம்பாத முதியவர் யாக்கோபு, அவ்வண்டிகளைக் கண்டே உயிர் தளிர்த்தார். யோசேப்பு தந்தையைப் பிரிந்தபோது வயது 17. யாக்கோபு எகிப்தில் வாழ்ந்ததும் 17 ஆண்டுகள். தந்தை காத்த அளவே மகனும் காத்தார். தம்மைக் கானானில் மூதாதையர் அருகே அடக்கம் செய்ய வேண்டுமென்ற தந்தையின் விருப்பத்தையும் நிறைவேற்றினார்.

நாங்களும் தாயாரை இங்கு அழைத்து வந்தோம். இரண்டு இரவுப் பயணம். இந்தியோ வங்கமோ அறியாத அவர் பகலெல்லாம் சன்னலருகே அமர்ந்திருந்தார். அழைத்து வருவது மட்டும் போதாது என்பதை அப்போது உணர்ந்தோம். அவர் கேட்டது ஒன்றே: ஆண்டுதோறும் ஊர்க் கோயிலின் அசனப் பண்டிகைக்குச் செல்ல வேண்டும். விடுப்பையெல்லாம் அதற்கே ஒதுக்கினோம். மூன்றாம் ஆண்டு பண்டிகைக்குச் சென்றவர் அங்கேயே கண்மூடினார். தந்தையாரின் அருகே துயில்கிறார். அவரைத் தனியே விட்ட அந்த நான்காண்டுகளை மட்டும் எங்களால் மீட்க இயலவில்லை.

பிள்ளைகள் கைவிட்ட பெற்றோர் தீர்ப்பாயத்தின் வழியாகப் பராமரிப்புத் தொகை பெற 2007ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. தேவையான சட்டமே. ஆனால் சட்டம் பணத்தைப் பெற்றுத் தரும். கனத்தைப் பெற்றுத் தராது.

அன்பர்களே! நம் காலனியிலும் பேச்சுத் துணையின்றி முதியோர் பலர் இருக்கின்றனர். நம் சங்க அறையை நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்கெனத் திறந்து வைப்போமாக. ஊரில் பெற்றோரை விட்டு வந்தவர்கள், இன்றிரவு அவர்களோடு பேசும்போது "பணம் வந்ததா?" என்று கேட்பதற்கு முன், "உங்கள் விருப்பம் என்ன?" என்று கேளுங்கள். எங்களுக்கு அக்கேள்வி காலந்தாழ்ந்தே தோன்றியது. உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.